மேலே நிற்பவரின் பொறுப்பு

(ஜமாஅத் மகாசபைக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



நமது பள்ளிவாசலின் மாடிக் கட்டடப் பணிக்கான வரவு செலவுகளைச் செயலாளர் அவர்கள் வாசிக்கக் கேட்டீர்கள். அக்கணக்கில் இடம்பெறாத ஒன்றை நான் கூற விரும்புகிறேன். சென்ற மாதம் ஒரு நாள், அஸர் தொழுகைக்குச் சற்று முன்னர், சாரத்தின் மேலிருந்து ஒரு சுத்தியல் நழுவி விழுந்தது. சாந்துச் சட்டியைத் தலையில் சுமந்த சித்தாள் பெண்மணி ஒருவர் அவ்விடத்தைக் கடந்து இரண்டடிதான் சென்றிருந்தார். அல்லாஹ் காப்பாற்றினான். "கீழே போகிறவர் பார்த்துப் போகக் கூடாதா?" என்று அங்கிருந்த ஒருவர் கேட்டார். அக்கேள்வி என்னை உறங்கவிடவில்லை.

தலையில் சுமையுள்ளவர் எவ்வாறு மேலே பார்ப்பார்? 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையை அடைய ஏறத்தாழ 1.4 வினாடிகளே ஆகும். அப்போது அதன் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். எச்சரித்துக் கூவுவதற்குள் அனைத்தும் முடிந்துவிடும்.

பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்புகளுடன் செல்பவர், பிறரைக் காயப்படுத்திவிடாதபடி அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதாகப் புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் காண்கிறோம். எதிரே வருபவரை ஒதுங்கிச் செல்லுமாறு அங்கு கூறப்படவில்லை. கருவியைக் கையில் வைத்திருப்பவர் மீதே பொறுப்பு சுமத்தப்பட்டது.

ஆகவே, மேலே வேலை செய்பவரின் சுத்தியலும் கரண்டியும் கயிற்றால் இடுப்புடனோ சாரத்துடனோ பிணைக்கப்பட வேண்டும். சாரப் பலகையின் ஓரங்களில் தடுப்புப் பலகை நிறுத்தினால், வைத்த செங்கல் காலில் பட்டு உருளாது. சாரத்தைச் சுற்றி வலை கட்ட வேண்டும். பழைய பலகைகளையும் கம்பித் துண்டுகளையும் கீழே எறியாமல் கப்பியில் இறக்க வேண்டும். ஆட்கள் நடமாடும் வழிக்கு மேல் உறுதியான பலகைக் கூரை அமைத்து, ஏனைய இடங்களைக் கயிறு கட்டி மறிக்க வேண்டும்.

தலைக்கவசமும் அவசியமே. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ளதை வாங்கி, தாடைப் பட்டியை இறுக்கி அணிய வேண்டும். ஆயினும், தலையில் சட்டி சுமப்பவர் அதனை அணிந்து வேலை செய்வது எளிதன்று. தோளையும் முதுகையும் அது காக்காது. எனவே, பொருள் விழாமல் தடுப்பதே முதற்கடமை. கவசம் அதற்கு அடுத்ததே.

15 மீட்டரும் அதற்கு மேலும் உயரும் கட்டடங்களைச் சுற்றித் தலைக்கு மேல் காப்புத் தட்டு அமைக்குமாறு 1998-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் பணித்தன. நமது கட்டடம் அவ்வளவு உயரமன்று என்று சிலர் கூறலாம். உயிரின் மதிப்பை உயரம் கொண்டு அளக்கலாகாது.

வலைக்கும் பலகைக்கும் ஆகும் செலவை நிர்வாகக் குழு இன்றே அனுமதிக்க வேண்டுகிறேன். அதுவரை மாடி வேலை நிற்கட்டும். திறப்பு விழா தாமதமானாலும் குற்றமில்லை. நம்மிடம் கூலிக்கு வந்தவர்களின் உயிர் நமக்கு அமானிதம். அதனைப் பேணிக் காக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.