வாசற்படியும் நடைபாதையும்

வடநாட்டு நகரங்களில் குடியேறி வாழும் நம்மவர் வீடுகளில் ஒரு வழக்கத்தைக் காண்கிறோம். தீபாவளிக்கு முன் உட்சுவர்களுக்கு வெள்ளையடிக்கிறோம். மழைக்காலத்துக்கு முன் மொட்டை மாடியைப் பார்வையிடுகிறோம். வாசற்படியை மட்டும் எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. நாள்தோறும் பலமுறை மிதித்து இறங்கும் இடமாதலால், அதன் மூலை உடைந்திருப்பதும் நம் கால்களுக்குப் பழகிவிடுகிறது. பழகாத கால்தான் தவறுகிறது. ஊரிலிருந்து வந்து நம்முடன் சில மாதங்கள் தங்கும் பெற்றோரின் கால் அது.

தில்லியில் எங்கள் வீட்டு வெளிக்கதவிலிருந்து ஒரு கான்கிரீட்டு நடைபாதையும், அதன் முடிவில் மூன்று படிகளும் உள்ளன. 2022ஆம் ஆண்டு கோடையில் கீழ்ப்படியின் விளிம்பு உதிர்ந்தது. ஒரு ஒப்பந்தக்காரரை அழைத்தோம். அவர் ஒரே பிற்பகலில் சிமென்டுக் கலவையை உடைந்த இடத்தில் அப்பி, வழவழவென்று தேய்த்து, கூலி பெற்றுச் சென்றார். பார்வைக்கு அழகாகவே இருந்தது. அடுத்த ஆண்டு மழை முடிவதற்குள் அந்தப் பூச்சு ஓடு ஓடாகக் கழன்றது. 2023 கார்த்திகை தீபத்தன்று மாலை, படிகளில் அகல் வைக்கக் குனிந்த எங்கள் தாயாரின் கால் அந்தக் கழன்ற ஓட்டின்மேல் பட்டது. மணிக்கட்டு முறிந்தது. கட்டு பிரித்த பின்னரும் அவர் வாசலுக்கு வர மறுத்தார். விடியுமுன் வாசல் தெளித்துக் கோலமிடுவதை எழுபது வயது கடந்தும் விடாதிருந்தவர், சன்னலோரம் அமர்ந்துவிட்டார். அதன் பிறகே கான்கிரீட்டைப் பற்றி ஓரளவு கற்றுக்கொண்டோம்.

பழுதுபார்ப்பதற்கு முன் பழுதின் காரணத்தைத் தேட வேண்டும். அதற்கு ஒரு சிறு சுத்தியல் போதும். படியை அங்குமிங்கும் மெல்லத் தட்டினால், உறுதியான இடம் ‘கணீர்’ என்றும், உள்ளே விட்டுப்போன இடம் ‘பொத்’ என்றும் ஒலிக்கும். எங்கள் கீழ்ப்படி முழுவதும் பொத்தென்றே ஒலித்தது. மாடியிலிருந்து மழைநீரை இறக்கும் குழாய் படியின் பக்கவாட்டிலேயே கொட்டிக்கொண்டிருந்தது; ஆண்டுக்கணக்கில் அந்த நீர் படியின் அடியிலிருந்த நிரப்பு மண்ணை அரித்துச் சென்றிருந்தது. அடியில் வெற்றிடம், மேலே மனிதர் நடமாட்டம். எத்தனை முறை மேலே பூசியிருந்தாலும் அது நின்றிருக்காது.

மற்றொரு காரணம் இரும்பு. புதிய கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடியாமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்ல உட்புகுந்து அந்தக் காரத்தைக் குறைத்துவிடும். அதன் பின் ஈரம் பட்டால் கம்பி துருவேறும். துருவோ, தான் தின்ற இரும்பைப் போல் இரு மடங்குக்கும் மிகுதியான இடத்தைக் கேட்கும். அந்த நெருக்கத்தில் மேலுள்ள கான்கிரீட்டு பிளந்து தெறிக்கும். படியின் விளிம்பையொட்டி நேர்கோடாக ஒரு வெடிப்பும் அதில் செம்பழுப்புக் கறையும் தெரிந்தால், காரணம் இதுவென்று கொள்ளலாம். வெளித்தெரியும் கம்பியைப் பளபளக்கும்வரை கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்த பின்னரே கலவை வைக்க வேண்டும்.

எங்கள் படிகளின் அடியே இளகியிருந்தபடியால் மூன்றையும் இடித்துவிடத் தீர்மானித்தோம். ஆனால் உடனே தொடங்கவில்லை. தில்லியில் குளிர்காலத்தில் காற்று மாசு மிகும் நாள்களில் இடித்தலும் கட்டுதலும் தடைசெய்யப்படுகின்றன; கடுங்குளிரில் சிமென்டு இறுகுவதும் தாமதமாகும். சித்திரை, வைகாசியிலோ அனற்காற்று கலவையின் ஈரத்தைச் சில மணி நேரத்தில் உறிஞ்சிவிடும். ஆகவே 2024 பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்தோம்.

மழைநீர்க் குழாயை முதலில் திசை மாற்றினோம். பிறகு இளகிய மண்ணை அகற்றி, புது மண்ணைச் சிறு சிறு அடுக்காக இட்டு, நீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தினோம். பழைய படிகளை அளந்தபோது ஒன்று 16, ஒன்று 21, ஒன்று 17 செ.மீ. உயரமாக இருக்கக் கண்டோம். குடியிருப்பு வீடுகளில் படியின் உயரம் 19 செ.மீட்டருக்கு மேற்படாமலும், மிதியகலம் 25 செ.மீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டுமென்பது 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. உயரம் ஒன்றுக்கொன்று மாறுபடுவது, உயரம் மிகுவதைக் காட்டிலும் ஆபத்தானது என்பது எங்கள் கருத்து. கால் முதற்படியின் அளவை மனத்தில் கொண்டுதான் அடுத்த படியைத் தேடுகிறது. மூன்றை நான்காக்கினோம், ஒவ்வொன்றும் 13½ செ.மீ. உயரம், 30 செ.மீ. அகலம். பக்கத்தில் 90 செ.மீ. உயரத்தில் ஒரு கைப்பிடிக் குழாயும் நட்டோம்.

வேலைக்கு வந்தவர் கிழக்கு உத்தரப் பிரதேசத்து மிஸ்திரி; கைத்திறம் மிக்கவர். சிமென்டு ஒரு பங்கு, மணல் ஒன்றரைப் பங்கு, ஜல்லி மூன்று பங்கு என்பதில் அவருக்கும் எங்களுக்கும் வேறுபாடில்லை. தண்ணீரில்தான் வழக்கு எழுந்தது. கலவை குழைவாக இருந்தால் கரணைக்கு எளிது. ஆகவே கொத்தனார் எவரும் தாராளமாக ஊற்றவே விரும்புவர். 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் கூடாது. மிகுதி நீர் ஆவியாகிச் செல்லும் வழிகளெல்லாம் நுண்துளைகளாகி வலிமையைக் குறைக்கும். குடிக்கத்தக்க நீரே கலவைக்கும் தக்கது. பாத்திரத்தில் வெண்மையாக உப்புப் படியவைக்கும் ஆழ்குழாய் நீரை, கம்பியுள்ள வேலையில் தவிர்த்தல் நலம். இறுதியில் உலர்ந்த சிமென்டைத் தூவி மினுக்கும் பழக்கத்தையும் கெஞ்சித்தான் நிறுத்தினோம். அந்த மினுக்குத்தான் மழையில் வழுக்குகிறது, வெயிலில் ஓடாகக் கழல்கிறது. மேலே கசிந்த நீர் வற்றியபின் விளக்குமாற்றால் குறுக்கே இழுத்துச் சொரசொரப்பாக்கச் சொன்னோம்.

நடைபாதையில் அடி உறுதியாகவே இருந்தது. மேற்பரப்பில் இரண்டிடங்களில் மட்டும் குழி. இத்தகைய குழியின் விளிம்பை அப்படியே விட்டுப் பூசினால், ஓரத்தில் கலவை காகிதம்போல் மெலிந்து உதிர்ந்துவிடும். குழியைச் சுற்றிச் சதுரமாக, ஓரங்கள் செங்குத்தாக இறங்கும்படி வெட்டி, தூசியை ஊதி, பழைய கான்கிரீட்டை நன்றாக நனைத்து, தேங்கிய நீரைத் துடைத்துவிட்டுப் புதுக்கலவை இட வேண்டும். நீண்ட பாதையைப் புதிதாக இடுவோர், 10 செ.மீ. தடிப்புள்ள பாதையில் ஏறத்தாழ இரண்டரை மீட்டருக்கு ஒன்றாக, தடிப்பில் கால் பங்கு ஆழத்துக்கு, குறுக்குக் கோடு கீறிவிடுக. கான்கிரீட்டு உலரும்போது சுருங்கியே தீரும். நாம் கீறாவிட்டால் அது தன் விருப்பம்போல் வெடிக்கும்.

வேப்பமரத்தின் வேர் தூக்கிவிட்ட பகுதி வேறு கதை. வேரை வெட்டச் சொன்னவர் பலர். வேரை வெட்டிய மரம் ஒரு புயலில் நம் வீட்டின்மேலேயே சாயக்கூடும். மேலும், தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்ற வேண்டுமென்று 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டிருக்கிறது. மரத்தைச் சுற்றி மண்ணைத் திறந்துவிட்டு, பாதையைச் சற்று வளைத்து, அவ்விடத்தில் மட்டும் மணற்படுக்கையில் கற்களைப் பரப்பினோம். நாளை வேர் மீண்டும் எழுந்தால் கல்லை எடுத்து வைத்துக்கொள்ளலாம். கதவுக்கு வெளியே தெருவோர நடைபாதை நம்முடையதன்று. அதைப் பற்றி உரிய அலுவலகத்துக்கு எழுதுவதே முறை. எழுதியிருக்கிறோம்.

கலவை இட்ட மறுநாள் மிஸ்திரி விடைபெறும்போது ‘தராயி’ என்று ஒரு சொல்லைச் சொன்னார். நனைத்துவைத்தல் என்பது பொருள். எங்களைப் போன்ற மொழிபெயர்ப்பாளர் ‘நீராற்றல்’ என்று எழுதுவோம். தமிழ்க் கொத்தனாரோ ‘க்யூரிங்’ என்பார். கான்கிரீட்டு உலர்ந்து இறுகுவதாகப் பலரும் எண்ணுகிறோம். அது உலர்ந்து இறுகுவதன்று; சிமென்டும் நீரும் கூடி வினைபுரிவதால் இறுகுவது. நீர் வற்றினால் வினையும் நின்றுவிடும். இன்று கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமென்டு. அதற்குக் குறைந்தது பத்து நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. எங்கள் முந்தைய ஒப்பந்தக்காரர் ஒரு குவளை நீரும் தெளிக்கவில்லை. தெளிக்க வேண்டுமென நாங்களும் அறியவில்லை. கூலியாள் போன பின் இந்தப் பத்து நாள் வேலை வீட்டாருடையது. நாங்களோ காலையில் அலுவலகம் சென்றால் இருட்டிய பின் திரும்புகிறவர்கள்.

மிஸ்திரி எங்கள் தாயாரிடமே இந்தியில் விளக்கினார். அவருக்கு இந்தி தெரியாது. ‘பானி’ என்ற சொல்லும், கையால் தெளிக்கும் சைகையும் போதுமானவையாக இருந்தன. ‘வாசல் தெளிக்கத்தானே சொல்கிறான்’ என்று அவர் எழுந்தார். படிகளின்மேல் கோணிச் சாக்குகளை விரித்துவைத்தோம். விடியற்காலையும், உச்சிப்போதும், மாலையும், நடுவே இருமுறையும் செம்பெடுத்து வந்து நனைத்தார். முதல் மூன்று நாள் சன்னல் வழியாகவே ஊற்றினார். நான்காம் நாள் வெளியே வந்தார்.

பதினோராம் நாள் சாக்குகளை எடுத்தோம். சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். எல்லாப் படியும் கணீரென்றன. மறுநாள் காலை எழுந்து பார்த்தபோது கோலம் இடப்பட்டிருந்தது, படியின்மேல் அன்று, படிக்குக் கீழே ஓரமாக. படியில் மாவு கிடந்தால் ஈரத்தில் வழுக்குமாம்.