கடல் கடந்த குடும்பங்களும் குடியுரிமையும்

(மாட்டுங்காவில் நடைபெற்ற நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"சட்ட பாஷையில் பேசாதீர்கள், எங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்" என்று நம் காரியதரிசி நிபந்தனை போட்டிருக்கிறார். வங்கி ஒன்றின் சட்டப் பிரிவில் 30 வருஷங்களுக்கு மேல் இருந்தவனுக்கு இது கஷ்டமான நிபந்தனைதான். முயன்று பார்க்கிறேன்.

நம்மில் அநேகமாக எல்லார் அகத்திலும் ஒரு பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இருக்கிறார்கள். "என் பேரனுக்கு இரட்டைக் குடியுரிமை இருக்கிறது" என்று சிலர் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். முதலில் அதைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். வளர்ந்த இந்தியர் எவருக்கும் நம் சட்டம் இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. அரசியல் சட்டத்தின் 9-ஆவது ஷரத்தும், 1955-ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவும் ஒன்றையே சொல்கின்றன: தாமாக விரும்பி வேறு நாட்டின் குடியுரிமை பெற்றவர் அந்தக் கணமே இந்தியக் குடிமகன் அல்ல. பாஸ்போர்ட் பீரோவிலேயே இருந்தாலும் அது செல்லாது. அதை வைத்துப் பிரயாணம் செய்தால் குற்றம்.

அப்படியானால் ஓ.சி.ஐ. கார்டு என்ன? 2005-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2006 ஜனவரியில் ஹைதராபாத் பிரவாசி பாரதீய திவஸில் முதல் கார்டுகள் வழங்கப்பட்டன. பெயரில் 'சிடிசன்' என்ற சொல் இருப்பதால் வந்த குழப்பம் இது. உண்மையில் அது ஆயுள் பரியந்த விசா. ஓட்டுரிமை இல்லை, தேர்தலில் நிற்க முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது.

நம் தஞ்சாவூர், பாலக்காட்டு நிலங்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஓ.சி.ஐ. உள்ள பிள்ளைக்கு விவசாய நிலத்தை நீங்கள் உயிரோடு இருக்கும்போது தானமாக எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் உங்கள் காலத்துக்குப் பின் வாரிசாக அவன் அடையலாம். ஆகவே உயிலை எழுதி வையுங்கள்.

இனி குழந்தைகள் விஷயம். என் அகத்து உதாரணத்தையே சொல்கிறேன். என் பிள்ளை 2010-இல் ஜெர்மனி போனான். மூத்த பேரன் 2012-இல் அங்கே பிறந்தான். பெற்றோரில் ஒருவராவது 8 வருஷம் சட்டப்படி அங்கே வசித்து, நிரந்தர வாச உரிமையும் பெற்றிருந்தால்தான் குழந்தைக்கு ஜெர்மன் குடியுரிமை என்பது அன்றைய விதி. ஆகவே அவன் ஜெர்மானியன் இல்லை. இரண்டாவது பேரன் 2020-இல் பிறந்தபோது அந்தத் தகுதி வந்துவிட்டது. அவன் பிறவியிலேயே ஜெர்மானியன். ஒரே தாய் தகப்பன், ஒரே ஆஸ்பத்திரி. அண்ணன் இந்தியன், தம்பி அந்நியன்! தம்பி ஓ.சி.ஐ. கார்டில் வந்து தாத்தா பாட்டியைப் பார்த்துவிட்டுப் போகிறான்.

மூத்தவன் இந்தியனானதும் தானாக நடந்ததல்ல. 2004 டிசம்பர் 3-க்குப் பின் வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது. ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு வருஷம் தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். துபாய், மஸ்கட் போன்ற இடங்களில் பிறக்கும் நம் குழந்தைகளுக்கு அந்த நாடு குடியுரிமை தராது. அங்கே இந்தப் பதிவை விட்டுவிட்டால் குழந்தை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் தவிக்க நேரிடும். பிரசவத்துக்குத் துணையாகப் போகும் மாமிகள் காப்பரிசி, புண்யாஹவாசனத்தோடு இதையும் நினைவூட்ட வேண்டும்.

அமெரிக்காவில் மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்பது நெடுநாளைய விதி. 2025 ஜனவரியில் அதைக் குறுக்க ஓர் ஆணை வந்து, வழக்குகளில் சிக்கியது. ஆகவே புதிதாகப் போகிறவர்கள் அன்றைய நிலையை விசாரித்துக்கொள்ளவும். பிரிட்டனிலோ 1983 முதலே, பெற்றோரில் ஒருவர் அந்நாட்டவராகவோ நிரந்தர வாச உரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும்.

பிறவியிலேயே இரண்டு நாட்டுக்கும் உரிமையுள்ள மைனர் குழந்தைக்கு நம் சட்டம் ஒரு சிறு சலுகை தருகிறது. மேஜரான 6 மாதத்துக்குள் மற்ற நாட்டின் குடியுரிமையை விடவேண்டும். விடாவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும். இரட்டை என்று சொல்லத்தக்கது இந்த ஒன்றுதான். அதற்கும் கெடு உண்டு.

அடுத்தது தம்பதிகள். மாங்கல்யம் ஏறினால் கோத்திரம் மாறலாம், குடியுரிமை மாறாது! அமெரிக்காவில் கணவன் குடிமகனானால் மனைவிக்கு அது தானாக வராது. அவளுக்கும் கிரீன் கார்டு இருந்து, தனியாக விண்ணப்பித்துப் பிரமாணம் எடுக்க வேண்டும். குடிமகனின் மனைவி என்பதால் 5 வருஷம் 3 வருஷமாகக் குறையும், அவ்வளவே. ஆனால் 18 வயதுக்குள் உள்ள பிள்ளைகள், கிரீன் கார்டோடு அந்தப் பெற்றோருடன் வசித்தால், 2001 முதல் அமலில் உள்ள சட்டப்படி தாமாகவே அமெரிக்கர் ஆகிவிடுவார்கள். மனைவிக்குத் தானாக வராதது குழந்தைக்குத் தானாக வருகிறது. இதை அறியாமல் குழந்தையின் இந்தியப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் அப்படித்தான். இந்தியரை மணந்த வெளிநாட்டு மாட்டுப்பெண் நம் குடியுரிமை பெற, 7 வருஷம் இந்தியாவில் வசித்த பிறகே விண்ணப்பிக்கலாம். ஓ.சி.ஐ. கார்டுக்கு, விவாகத்தைப் பதிவு செய்து, 2 வருஷம் அது தொடர்ந்து நீடித்திருக்க வேண்டும். அப்படி வாங்கிய கார்டை விவாகரத்தானால் ரத்து செய்யலாம். ஜாதகம் பரிவர்த்தனை செய்யும்போதே எந்த நாட்டுப் பாஸ்போர்ட், என்ன விசா, எங்கே குடித்தனம் என்று கேட்டுக்கொள்வது மரியாதைக் குறைவல்ல.

இப்போது என் பிள்ளை கேட்கும் கேள்விக்கு வருகிறேன். 2024 ஜூன் 27 முதல் ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. "இரண்டையும் வைத்துக்கொள்ளலாமாப்பா?" என்கிறான். அவர்கள் கதவைத் திறந்தார்கள், நம் கதவு திறக்கவில்லை. இரண்டும் திறந்திருந்தால்தான் இரட்டை. அவனும் மாட்டுப்பெண்ணும் ஜெர்மானியரானால் இங்கே அயல்நாட்டார்தான். மூத்தவனையும் சேர்த்தே விண்ணப்பிக்க அங்கே இடமுண்டு.

"பின்னால் மனசு மாறினால், பையன் மேஜரானதும் திரும்பப் பெறலாமே?" என்று கேட்பீர்கள். 8-ஆவது பிரிவில் அப்படி ஒரு வழி இருக்கிறது. பெற்றோர் எழுதிக் கொடுத்துக் குடியுரிமையைத் துறந்தால், மைனர் குழந்தையும் அதை இழக்கும்; மேஜரான ஒரு வருஷத்துக்குள் திரும்பப் பெறலாம். ஆனால் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற ஒரு தம்பதியின் மகன் வழக்கில் தீர்ப்பளித்தது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவுடனேயே பெற்றோரின் இந்தியக் குடியுரிமை 9-ஆவது பிரிவின்படி தானாகப் போய்விட்டது. அது 8-ஆவது பிரிவின் துறப்பு அல்ல. ஆகவே மகனுக்கு அந்தச் சலுகை கிடையாது என்றார்கள். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் போகும் பாதை இந்த 9-ஆவது பிரிவுதான். அந்த வாசலை நம்பி யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

திரும்ப வரவே முடியாதா என்றால், முடியும். தானோ, தாய் தகப்பனில் ஒருவரோ சுதந்திர இந்தியாவின் குடிமக்களாக இருந்தவர்கள், 12 மாதம் இங்கே தொடர்ந்து வசித்து விண்ணப்பிக்கலாம். ஓ.சி.ஐ. பதிவாகி 5 வருஷமானவர்களுக்கும் அதே 12 மாதம் உண்டு. அப்போது அந்த நாட்டுக் குடியுரிமையை விட வேண்டும். ஆக, ஒரு வருஷம் இந்த மண்ணில் வந்து வாழ்ந்து காட்டு என்கிறது சட்டம். என் பிள்ளையிடமும் இதைத்தான் சொன்னேன். முடிவு அவனுடையது. நமக்கு மனசு கஷ்டப்படும் என்பதற்காகப் பிள்ளைகள் இரண்டு பாஸ்போர்ட்டை மறைத்து வைத்துக்கொள்ள நாம் காரணமாகக் கூடாது.

குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், தூதரகப் பதிவு, விவாகப் பதிவு, பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்த சான்று ஆகியவற்றின் நகல்களை ஒரு கோப்பில் போட்டு, ஒரு பிரதியை இங்கே உங்கள் அகத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் உள்ளவர்கள் டிபன் சமயத்தில் என்னைக் கேட்கலாம்.