பட்டாளத்துக்குப் போனவர் என்ன ஆனார்?

(வேலூர் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில், நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்கள் குடும்பத்துப் பட்டாளத்துக்காரரைத் தேடிய கதையைச் சொல்லுங்கள் என்று நண்பர்கள் கேட்டார்கள். நான் பத்தாவது வரை படித்தவன். ஆராய்ச்சி எல்லாம் எனக்குப் பழக்கமில்லை. கட்சி வேலையாக ஊர் ஊராகச் சுற்றியவன், என் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்க நாற்பது வயதை நெருங்க வேண்டியிருந்தது. ஆனாலும் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுகிறேன்.

நமது ஜில்லாவில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் எது? இரண்டாவது உலக யுத்தத்தின்போது இந்திய ராணுவத்தில் இருந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். எல்லோரும் தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள் என்று புத்தகங்களில் எழுதியிருக்கிறது. கட்டாய ஆள் சேர்ப்புச் சட்டம் இங்கே இல்லை, உண்மைதான். ஆனால் மழை பொய்த்த மானாவாரி நிலமும், வட்டிக்காரன் சீட்டும், வீட்டில் ஆறு வாயும் இருந்தால், அதற்குமேல் சட்டம் எதற்கு? என் தாத்தாவின் அண்ணன், எங்கள் பெரிய தாத்தா, 1942-இல் அப்படித்தான் போனார். லாரி டிரைவராக எடுத்துக்கொண்டார்கள். கலியாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அவர் திரும்பி வரவில்லை. என்ன ஆனார் என்று கேட்டால் வீட்டில் ஒரே பதில்தான்: "பர்மாவிலே எவளையோ கட்டிக்கிட்டு அங்கேயே தங்கிட்டான்." நான் சிறுவனாக இருக்கும்போதும் இதே பேச்சுத்தான். கலியாண வீட்டில் கேலி பேசவும் இந்தக் கதைதான்.

அவருடைய மனைவி எங்கள் பெரிய ஆயா. நாற்று நட, களை பறிக்க, மாடு கறக்க, பிள்ளை வளர்க்க, எல்லாவற்றுக்கும் அந்த வீட்டில் அவள்தான். கழுத்தில் தாலி, நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். 1994-இல் இறந்தாள். எனக்கு அப்போது பதினான்கு வயது. மஞ்சள் பூசி, பூ வைத்து, "சுமங்கலியாப் போறா, கொடுத்து வச்சவ" என்று பெண்கள் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

2018-இல் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தோம். பரணில் கொள்ளுத்தாத்தாவின் டிரங்குப் பெட்டி இருந்தது. பத்திரங்களுக்கு அடியில், துணியில் சுற்றி, இரண்டு மெடல்கள். ஒன்று ஆறு முனை நட்சத்திரம், பர்மா ஸ்டார். மற்றொன்று வட்டமான யுத்த மெடல். அந்த யுத்தத்தின் மெடல்களை பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்தியச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்துக் கொடுத்தார்கள். நட்சத்திரத்தின் முதுகிலும் வட்ட மெடலின் விளிம்பிலும் பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுப் படித்தேன். எண், பதவி, பெயர், படைப்பிரிவு. எங்கள் பெரிய தாத்தாவேதான்.

பர்மாவில் குடித்தனம் நடத்துகிறவரின் மெடல் எங்கள் வீட்டுப் பரணுக்கு எப்படி வந்தது? என் தேடலுக்கு இந்தக் கேள்விதான் முதல்.

காமன்வெல்த் யுத்தக் கல்லறை ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. 1917-இல் ஏற்பட்டது. இரண்டு உலக யுத்தங்களிலும் மாண்ட சுமார் 17 லட்சம் பேரின் பெயர்கள் அதன் இணையதளத்தில் உள்ளன. காசு வேண்டாம், யாரும் பார்க்கலாம். எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் உட்கார்ந்து தேடினான். முதல் நாள் கிடைக்கவில்லை. நம் பெயரை வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதியிருப்பான். ஆறேழு விதமாக எழுத்தை மாற்றிப் போட்டோம். கடைசியில் மெடலில் இருந்த எண் பொருந்தியது.

திரையில் இருந்ததைப் பையன் தமிழில் சொன்னான். இன்னாரின் மகன், இன்ன ஊர், வட ஆற்காடு ஜில்லா. அடுத்து, இன்னாளின் கணவர். எங்கள் பெரிய ஆயாவின் பெயர்! எழுத்து கோணலாக இருந்தாலும் அவள் பெயரேதான். இறந்தது 1944 ஆகஸ்ட். நினைவிடம், கோகிமா.

தோழர்களே, கோகிமா நாகாலாந்தில் இருக்கிறது. 1944 ஏப்ரல் 4-ஆம் தேதி ஜப்பானியப் படை அந்த ஊரைத் தாக்கியது. ஜூன் 22 வரை சண்டை. திமாப்பூரில் ரயிலில் வந்து இறங்கிய அரிசி, குண்டு, மருந்து எல்லாம் கோகிமா வழியாக இம்பாலுக்குப் போவது ஒரே மலைப் பாதையில்தான். அதில் லாரி ஓட்டியவர்களில் ஒருவர் எங்கள் பெரிய தாத்தா.

ராணுவ ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம் ஒன்றுக்கு எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. மூன்றாவதுக்கு வந்தது. இரண்டே வரி. மலேரியாக் காய்ச்சலில் ராணுவ ஆஸ்பத்திரியில் இறந்தார் என்பது முதல் வரி. இதில் வியப்பில்லை. அந்தப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் ஸ்லிம் ஒரு கணக்கு எழுதியிருக்கிறார். 1943-இல் காயம்பட்டுப் பின்னால் அனுப்பப்பட்டவர் ஒருவர் என்றால், நோயால் அனுப்பப்பட்டவர்கள் 120 பேர். துப்பாக்கிக்குத் தப்பியவனைக் கொசு கொன்றது.

இரண்டாவது வரியைப் படித்ததும் கை நடுங்கியது. குடும்பப் பென்ஷன் தகப்பனார் பெயருக்கு மஞ்சூர் செய்யப்பட்டது. 1961-இல் அவர் இறக்கும்வரை கொடுக்கப்பட்டது.

என் கொள்ளுத்தாத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் மாதாமாதம் பணம் எதற்கு வருகிறது என்று தெரியாமல் ஒருவர் பதினாறு வருஷம் கைநாட்டு வைக்க முடியுமா? மகன் செத்தது அவருக்குத் தெரியும். மருமகளுக்குச் சொல்லவில்லை. பர்மாக் கதையைக் கட்டியதும் அவராகத்தான் இருக்க வேண்டும்.

ஏன்? அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. விஷயம் தெரிந்தால் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்து அழைத்துப் போயிருப்பான். எங்கள் ஜனங்களிடையே அறுத்துக் கட்டுவது வழக்கந்தான். அப்படிப் போயிருந்தால் வயலில் ஒரு கை குறையும். பென்ஷனுக்கும் பங்கு கேட்பார்கள். கூலியில்லாத ஒரு ஆளை ஒரு தாலியைக் கொண்டு ஐம்பது வருஷம் கட்டிவைத்தது எங்கள் வீடு. வீரரைத் தேடிப் போனவன், என் வீட்டு அநியாயத்தைக் கண்டுபிடித்தேன்.

அவள் பிறந்த ஊருக்குப் போய் அந்தக் காகிதத்தைக் காட்டினேன். அவள் அண்ணன் மகனுக்கு எழுபது வயதுக்குமேல். வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க அத்தையை நாங்க கூட்டிக்கினு வந்திருப்போமே தம்பி" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எங்கள் சொந்தக்காரர்கள் கோபித்தார்கள். "செத்தவங்களைச் சந்திக்கு இழுக்கலாமா?" என்றார்கள். ஓடிப்போனவன் என்று எழுபது வருஷம் ஒரு செத்தவனைச் சந்திக்கு இழுத்தவர்கள் நாம்தானே என்றேன். அவன் வறுமை, அவன் அப்பனின் பேராசை, அந்தப் பெண்ணின் உழைப்பு, மூன்றும் சேர்ந்ததுதான் எங்கள் குடும்பச் சரித்திரம். ஒன்றை மட்டும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட முடியாது.

மறு வருஷம் கோகிமாவுக்குப் போனேன். திமாப்பூர்வரை ரயில், பிறகு மலையேறும் பஸ். கல்லறைத் தோட்டத்தில் 1,420 கல்லறைகள். உச்சியில், எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம். அதில் 917 பெயர்கள். அவர் பெயரை விரலால் தொட்டேன். "ஆயா காத்துக்கிட்டே இருந்தா தாத்தா, அவளுக்குச் சொல்லலை" என்றேன். யாராவது அவரிடம் சொல்ல வேண்டுமல்லவா?

அந்த யுத்தத்தில் மாண்ட இந்திய வீரர்கள் 87,000 பேருக்கு மேல். ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். வீட்டில் பழைய மெடல் இருந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். விளிம்பைப் பாருங்கள். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் கிடைக்காவிட்டால் எழுத்தை மாற்றிப் பாருங்கள், ஊர்ப் பெயரைப் போட்டுப் பாருங்கள். வீட்டுக் கிழவிகளைக் கேளுங்கள், அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். நான் கேட்கத் தவறியவன்.

இந்த வருஷம் பொங்கல் படையலில் எங்கள் வீட்டில் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துச் சொன்னோம். அவள் அண்ணன் மகனும் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். அவ்வளவுதான் எங்களால் முடிந்தது. உங்களிடம் மெடலோ காகிதமோ இருந்தால் கூட்டம் முடிந்ததும் கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம்.