கோதுமை இல்லாத அடுப்படி: பிள்ளைக்குத் தனித்தட்டு வேண்டாம்

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம்)

விருத்தாசலத்துல இருந்து பேசறேன். கொஞ்ச நாளாவே உங்கள்ல பலர் ஒரே கேள்வியைக் கேட்டுட்டு இருக்கீங்க. "பிள்ளைக்குக் கோதுமை கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வீட்டுல என்ன சமைக்கிறது? பிறந்தநாளுக்குக் கேக் கூட கிடையாதா?" இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம். என் பொண்ணுக்கு ஒன்பது வயசு. சீலியாக் நோய்னு தெரிஞ்ச நாள்ல இருந்து, மூணு வருஷமா, எங்க வீட்டுக்குள்ள கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் வர்றதில்லை. அடுப்படியில தினமும் செய்யிறதைத்தான் சொல்லப்போறேன்.

முதல்ல குளூட்டன்னா என்னன்னு பார்த்துடுவோம். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்கள்ல இருக்கிற ஒரு புரதம் அது. மைதாவைப் பிசைஞ்சா இழுவையா வருதே, பரோட்டா மாஸ்டர் வீசினாலும் கிழியாம விரியுதே, அந்த இழுவை குளூட்டனால வர்றது. சீலியாக் உள்ளவங்க அதைச் சாப்பிட்டா, உடம்போட எதிர்ப்பு சக்தியே சிறுகுடலைத் தாக்குது. சாப்பாட்டுச் சத்தை உறிஞ்சற குடலுறிஞ்சிகள் தேய்ஞ்சு தட்டையாயிடுது. பிள்ளை நல்லாச் சாப்பிட்டாலும் உடம்புல ஒட்டாது. வயிறு உப்பும், அடிக்கடி வயித்தால போகும், வளர்த்தி நின்னுடும். சிலருக்கு வயித்துல ஒரு தொந்தரவும் இருக்காது. எவ்வளவு இரும்புச்சத்து மருந்து கொடுத்தாலும் ரத்தசோகை மட்டும் குறையாது.

இதுக்குக் கோதுமைதான் காரணம்னு கண்டுபிடிச்சது நெதர்லாந்து குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ. 1930கள்லேயே அவருக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்துல, போர்ப் பஞ்சத்துல, அந்த நாட்டுல ரொட்டிக்கே வழி இல்லாமப் போச்சு. ஊரே பட்டினி கிடந்த அந்த நேரத்துல இந்த நோய் இருந்த பிள்ளைங்க தேறினாங்க. 1950ல அவர் இதைப் பத்தி ஆய்வேடே எழுதினார். இன்னைக்கு வரைக்கும் சீலியாக்குக்கு உணவுதான் மருந்து.

"இது வடக்கத்திக்காரங்க நோயாச்சே"னு சிலர் சொல்றாங்க. அதுல பாதி உண்மை இருக்கு. 2016ல வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, இந்தியாவுல 23,000க்கும் மேற்பட்ட பெரியவங்களைப் பரிசோதிச்சது. வடக்குல நூத்துக்கு 1.23 பேரோட ரத்தத்துல சீலியாக்கைக் காட்டற எதிர்ப்பொருள் இருந்தது, தெற்குல 0.10 பேருக்குத்தான். அதாவது ஆயிரத்துல ஒருத்தர். ஆனா இந்த நோய்க்கு வழி விடற மரபணு இங்கேயும் ஏறக்குறைய அதே அளவுலதான் இருக்கு. வித்தியாசம் தட்டுல இருந்தது. வடக்குல ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சராசரியா 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், இங்கே 25 கிராம். எதிர்ப்பொருள் இருக்கிற எல்லாருக்கும் நோய் இருக்கும்னு இல்லை, ஆனாலும் நம்ம ஊர் அளவுக்கே சில பேராவது இருக்கணும். தெரியாம இருக்காங்க, அவ்வளவுதான்.

ஒண்ணு கவனிங்க. சந்தேகம் வந்த உடனே கோதுமையை நிறுத்திட்டுப் பரிசோதனைக்குப் போகாதீங்க. நிறுத்திட்டா டி.டி.ஜி. ரத்தப் பரிசோதனையிலும் குடல் திசுப் பரிசோதனையிலும் நோய் தெரியாமப் போகலாம். சாப்பிட்டுட்டு இருக்கும்போதே பரிசோதனை முடியணும். இன்னொண்ணு, நோய் இல்லாதவங்க உடம்பு மெலியறதுக்காகக் கோதுமையை விட வேண்டிய அவசியம் இல்லை.

சரி, சமையலுக்கு வருவோம். நம்ம சாப்பாட்டுல பெரும்பகுதி ஏற்கெனவே குளூட்டன் இல்லாததுதான். சோறு, இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை, அடை, கம்பங்கூழ், கேழ்வரகு களி, வரகு, சாமை, தினை எதுலயும் குளூட்டன் கிடையாது. அப்ப பிரச்சினை எங்கே வருது? பொதுவாப் புழங்கற இடத்துல வருது. மாவு மில், பெருங்காய டப்பா, வடைச்சட்டி எண்ணெய், சல்லடை, சப்பாத்திக் கட்டை, இவைதான் நீங்க கவனிக்க வேண்டிய இடங்கள்.

மாவு மில்லை எடுத்துக்குங்க. உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் கோதுமை அரைச்சுட்டுப் போறார். அடுத்து நீங்க பச்சரிசியைக் கொட்டறீங்க. ஒரு கிலோ உணவுல குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேல இருந்தா, அதைக் குளூட்டன் இல்லாததுன்னு லேபிள் ஒட்டி விற்கக் கூடாது. இது நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதி. ஒரு கிராம் கோதுமை மாவுல குளூட்டன் சுமார் 80 மில்லிகிராம் இருக்கும். அப்படின்னா ஒரு கிலோ அரிசி மாவுல ஒரே ஒரு கிராம் கோதுமை கலந்தாலே அளவு நாலு மடங்கு தாண்டிடுது. மில்லோட கல்லுலயும் துணிக்குழாயிலயும் ஒட்டியிருக்கிறது ஒரு கிராமா? கைநிறைய வரும். "முதல்ல விழறதை ஒதுக்கிட்டு வாங்கிக்கம்மா"ன்னு மில்காரர் நல்ல மனசோட சொல்லுவார். சீலியாக் பிள்ளைக்கு அது போதாது.

அதனால வீட்டுலயே அரைங்க. பச்சரிசியை ரெண்டு மணி நேரம் ஊறவச்சு வடிகட்டி, வெள்ளைத் துணியில நிழல்ல உலர்த்துங்க. கையில ஈரம் தெரியணும், ஆனா ஒட்டக்கூடாது. அந்தப் பதத்துல மிக்ஸியில அரைச்சு, இதுக்குன்னே வச்சிருக்கிற சல்லடையில சலிங்க. நாள்பட வைக்கணும்னா வெறும் வாணலியில லேசா வறுத்து ஆறவச்சு எடுத்து வைங்க. எங்க வீட்டுல இது மூடி போட்ட பீங்கான் ஜாடியில இருக்கும். பீங்கான் ஊர்ல ஜாடிக்கா பஞ்சம்?

அடுத்தது பெருங்காயம். கடையில கிடைக்கிற தூளும் கட்டியும் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம்தான். பல தயாரிப்புகள்ல மைதா கலந்திருக்கும், சிலதுல அரிசி மாவு இருக்கும். டப்பாவைத் திருப்பிப் படிச்சுட்டு வாங்குங்க. சந்தேகமா இருந்தா பெருங்காயமே வேண்டாம். பூண்டும் சீரகமும் தாளிச்சா ரசம் ஒண்ணும் கெட்டுப்போகாது. பார்லி தண்ணி, மால்ட் கலந்த சத்து பானம், சோயா சாஸ் எல்லாத்தையும் இதே மாதிரி பார்த்து வாங்குங்க. பூரி பொரிச்ச எண்ணெயில அப்பளம் பொரிக்காதீங்க. "கொதிக்கிற எண்ணெயில எல்லாம் செத்துடாதா?"ன்னு கேக்கறாங்க. கிருமி சாகும். குளூட்டன் கிருமி இல்லை, அது அப்படியேதான் இருக்கும். மாசி மகத்துக்குக் கடைத்தெருவுல பஜ்ஜி கேட்டு பிள்ளை அழும்போது நமக்கு மனசு கேக்காது. பொரியும் வறுத்த கடலையும் வாங்கிக் கொடுங்க, பஜ்ஜியை வீட்டுக்கு வந்து போடுங்க.

இப்ப கேக். குளூட்டன் இல்லாத மாவு ஏன் உதிருதுங்கிறதை எங்க ஊர்க்காரங்களுக்குச் சொல்லறது சுலபம். இங்கே செராமிக் தொழிற்பேட்டை இருக்கு, செராமிக் படிக்க அரசு பாலிடெக்னிக் இருக்கு. என் வீட்டுக்காரரும் அந்த வேலையிலதான் இருக்கார். நான் அரிசி மாவுல சப்பாத்தி தேய்க்கப் போராடிட்டு இருந்தப்ப அவர் சொன்னார்: "பசை இல்லாத மண்ணைப் பிசைஞ்சா வெடிக்கத்தான் செய்யும். கரைச்சு அச்சுல ஊத்து." அவ்வளவுதாங்க விஷயம். இட்லியும் அப்படித்தானே? பிசையறது இல்லை, கரைச்சு குழியில ஊத்தறோம். உளுந்தோட கொழகொழப்பு காத்தைப் பிடிச்சு வச்சுக்குது. பிசைஞ்சே ஆகணும்னா நம்மகிட்ட இன்னொரு வழி இருக்கு: கொதிக்கிற தண்ணி. இடியாப்பத்துக்கும் கொழுக்கட்டைக்கும் வெந்நீர் ஊத்திப் பிசையறோமே, அந்தச் சூட்டுல மாவுச்சத்து பாதி வெந்து பசையாயிடுது. அரிசி ரொட்டி, கம்பு ரொட்டிக்கும் இதேதான்.

கேக்குக்கு அளவு சொல்றேன், எழுதிக்குங்க. அரிசி மாவு 120 கிராம், முந்திரிப் பொடி 80 கிராம், ஜவ்வரிசி மாவு 40 கிராம், மருந்துக்கடையில கிடைக்கிற இசப்கோல் ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. மூணு முட்டையை 150 கிராம் நாட்டுச்சர்க்கரையோட நுரைக்க அடிச்சு, கடலை எண்ணெய் 80 மில்லி, பால் 120 மில்லி, மசிச்ச வாழைப்பழம் ஒண்ணு சேருங்க. மாவைக் கலந்து அரை மணி நேரம் மூடி வைங்க. அரிசி மாவு தண்ணியை மெதுவாத்தான் குடிக்கும், அவசரப்பட்டா கேக் நறநறன்னு இருக்கும். அதுக்கப்புறம் பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன் போட்டுக் கலந்து, ஏழு அங்குலத் தட்டுல ஊத்தி, 170 டிகிரியில 35ல இருந்து 40 நிமிஷம் விடுங்க. நல்லா ஆறின பிறகுதான் வெட்டணும்.

முந்திரி விலைன்னு நினைக்காதீங்க. முழுப்பருப்பு வேண்டாம், உடைசல் போதும். பண்ருட்டி பக்கத்துல இருக்கு, நம்ம ஊர் ஆராய்ச்சி நிலையமே முந்திரியிலயும் நிலக்கடலையிலயும் வி.ஆர்.ஐ. ரகங்களை வெளியிட்ட இடம். முந்திரி ஒத்துக்காதவங்க வறுத்த நிலக்கடலைப் பொடி போடலாம். பொடிக்கும்போது மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்க, இல்லன்னா எண்ணெய் விட்டு விழுதாயிடும்.

கடைசியா ஒரு விஷயம். இது சமையல் குறிப்பைவிட முக்கியம். ஆரம்பத்துல எங்க அத்தை கேட்டாங்க: "ஏம்மா, ஆசைப்பட்டு ஒரு வாய் தின்னா என்னம்மா ஆயிடும்?" பாசத்துல கேட்டதுதான். நான் சொன்னேன்: "வெளியில ஒண்ணும் தெரியாது அத்தை, உள்ள குடல் புண்ணாகும்." அப்பவும் அவங்களுக்கு மனசு ஆறலை. பிள்ளை மட்டும் தனியாச் சாப்பிடறதைப் பார்க்கிறதுதான் அவங்களுக்குக் கஷ்டமா இருந்தது. அது நியாயம்தான். அதுக்கு வழி, ஒரு வாய் சப்பாத்தி கொடுக்கிறது இல்லை. வீட்டுல எல்லாரும் பிள்ளை சாப்பிடறதையே சாப்பிடறது. ரெண்டு சமையல் நடக்கிற வீட்டுல எந்தக் கரண்டி எந்தச் சட்டிக்குப் போச்சுன்னு யாரும் காவல் காக்க முடியாது. ஒரே சமையல்னா காவலே வேண்டாம். இப்ப ராத்திரியில அத்தைதான் கம்பு ரொட்டி தட்டறாங்க. சர்க்கரை இருக்கிற மாமாவும் அதைத்தான் சாப்பிடறார், அளவு பார்த்து.

பள்ளிக்கூடத்துல டீச்சர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க. யார் பிறந்தநாளா இருந்தாலும் பிள்ளை கையில நம்ம வீட்டுக் கேக் ஒரு துண்டு இருக்கட்டும். கல்யாண வீட்டுக்குப் போனா சாம்பாருக்கு என்ன பெருங்காயம் போட்டாங்கன்னு சமையல்காரரைக் கேக்க வெக்கப்படாதீங்க. பதில் தெளிவா வரலைன்னா சோறு, தயிர், வாழைப்பழம் போதும். வயசு ஏறஏற, "எனக்கு இது ஒத்துக்காது"ன்னு பிள்ளை தானே சொல்லப் பழகணும். அதைத் தலைகுனியாம சொல்லணும்னா, வீட்டுல அது ஒரு குறையா இருக்கக் கூடாது.

அரைச்சுப் பார்த்துட்டு, சுட்டுப் பார்த்துட்டு எழுதுங்க. எங்கே உதிர்ந்துச்சு, எங்கே கல்லானதுன்னு சொன்னீங்கன்னா அடுத்த முறை சேர்ந்து சரி பண்ணலாம்.