திரைவழி வகுப்பறையும் நம் பிள்ளைகளின் காப்பும்

(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தமிழாசிரியர் மேடையேறினால் இலக்கியம் பேசுவார் என்று பலர் எதிர்பார்த்திருக்கக்கூடும். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. இணையவழியில் பயிலும் நம் பிள்ளைகளை எங்ஙனம் காப்பது என்பதே அது.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபின் வகுப்பறை செல்பேசிக்குள் புகுந்தது. பெருந்தொற்று தணிந்து பள்ளிகள் திறந்த பின்னரும் அது முற்றிலும் வெளியேறவில்லை. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. நீட் தேர்வுக்கான பயிற்சி செயலியில் நடைபெறுகிறது. ஐயம் தீர்க்கும் ஆசிரியர் வேறொரு மாநிலத்தில் இருக்கிறார். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் இருக்கும் மாணவியும் நகரத்துப் பயிற்சியை வீட்டிலிருந்தே பெறுகிறாள். இது பெரும்பேறு. ஆதலின் இவ்வழியை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் உணர வேண்டும். பள்ளியில் வகுப்பறைக் கதவு திறந்திருக்கும். தலைமையாசிரியர் தாழ்வாரத்தில் நடந்து வருவார். அடுத்த வகுப்பு ஆசிரியருக்கு நம் குரல் கேட்கும். நாற்பது மாணவர்களின் கண்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். அத்தனை பார்வைகளும் பிள்ளைக்குக் காவல். செயலியில் அந்தத் தாழ்வாரம் இல்லை. ஆசிரியரும் மாணவரும் தனியே செய்தி பரிமாறும் வசதி அதில் உண்டு. ஆசிரியர் என்ற பெயரிலும், உடன்பயிலும் மாணவர் என்ற பெயரிலும் அயலார் நுழையவும் இடமுண்டு.

இது வெறும் அச்சமன்று. 2021 மே மாதத்தில், சென்னையில் ஒரு பள்ளியின் இணையவழி வகுப்பில் ஆசிரியர் ஒருவர் முறைகேடாக நடந்துகொண்டதாகப் புகார் எழுந்தது. அதன்பின், இணையவழி வகுப்புகள் முழுமையாகப் பதிவு செய்யப்பட வேண்டும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தினர் இடம்பெறும் குழு அப்பதிவுகளை ஆய்வு செய்ய வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தது. இல்லாத தாழ்வாரத்தைத் திரும்பக் கட்டும் முயற்சி என்றே நான் அதைக் கருதுகிறேன். உங்கள் பிள்ளை பயிலும் நிறுவனத்தில் வகுப்புகள் பதிவாகின்றனவா, அவற்றை யார் பார்க்கின்றனர் என்று கேட்பது உங்கள் உரிமை.

பிள்ளைகளைப் பற்றிய விவரங்களும் காக்கப்பட வேண்டியவையே. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 49 நாடுகளில் பயன்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து 2022-இல் அறிக்கை வெளியிட்டது. அவற்றுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது, குழந்தைகளின் உரிமைக்கு ஊறு விளைக்கும் வகையில் விவரங்களைக் கையாண்டன என்று அது கண்டது. நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. செயலியைப் பதிவிறக்கும்போது, ‘அனுமதி’ என்று வருவனவற்றையெல்லாம் படிக்காமல் அழுத்திவிடாதீர்கள். கணக்குப் பாடம் கற்பிக்கும் செயலிக்கு உங்கள் தொலைபேசித் தொடர்புப் பட்டியல் எதற்கு?

இனி, நான் சொல்ல வந்தவற்றுள் தலையாயதைச் சொல்கிறேன்.

தீய நோக்குடையவர் பிள்ளையிடம் முதலில் தீயவராக வருவதில்லை. ‘நீ கெட்டிக்காரி’ என்று பாராட்டுவார். வகுப்புக் குழுவிலிருந்து தனி எண்ணுக்கு அழைப்பார். படம் கேட்பார். ‘இது நமக்குள் இருக்கட்டும்’ என்பார். பிள்ளை தயங்கி விலகும்போதுதான் மிரட்டுவார். அந்த மிரட்டல் என்ன தெரியுமா? ‘உன் அப்பாவிடம் சொல்லிவிடுவேன்.’

நம்முடைய சினமே அவர் கையில் ஆயுதம் ஆகிறது. செய்தி தெரிந்தால் செல்பேசியைப் பறிப்பார்கள், படிப்பை நிறுத்துவார்கள் என்று பிள்ளை அஞ்சுகிறது. பெண்பிள்ளைக்கு இவ்வச்சம் இருமடங்கு. அவ்வச்சத்தால் வாய்மூடி, மேலும் மேலும் சிக்கிக்கொள்கிறது. குற்றம் செய்தவர் எங்கோ இருக்க, தண்டனை மட்டும் நம் மகளுக்கு என்றால் அவள் எப்படி வாய் திறப்பாள்? கடவுச்சொற்களும் பூட்டுகளும் வேண்டியனவே. எனினும், ‘அப்பாவிடம் சொல்லலாம், அம்மா அடிக்கமாட்டாள்’ என்ற நம்பிக்கைக்கு ஈடான பூட்டு எதுவும் இல்லை.

ஆகவே வீட்டில் சில வழக்கங்களை ஏற்படுத்துங்கள். இணைய வகுப்பு பொதுக்கூடத்தில் நடக்கட்டும். கதவடைத்த அறையில் வேண்டாம். பெற்றோர் பணிக்குச் செல்லும் வீடுகளில் தாத்தா பாட்டியர் அருகில் அமர்ந்திருக்கட்டும். அவர்களுக்குச் செயலி புரிய வேண்டியதில்லை. பிள்ளையின் முகம் வாடினால் அவர்களுக்குப் புரியும். வகுப்பு இணைப்பைப் பிறருக்கு அனுப்பலாகாது. முழுப்பெயர், சீருடைப் படம், வீட்டு முகவரி ஆகியவற்றைத் தளத்தில் இடலாகாது. ஆசிரியர் எவராயினும், தனிச்செய்தியைப் பெற்றோரிடம் மறைக்குமாறு சொன்னால், அதை உடனே வீட்டில் சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குக் கற்பியுங்கள்.

தவறு நேர்ந்துவிட்டால் என் செய்வது? முதலில் பிள்ளையை அணைத்துக்கொள்ளுங்கள். விசாரணை பின்னர் ஆகட்டும். செய்திகளை அழித்துவிடாதீர்கள், அவையே சான்று. அதற்காகப் படங்களை உறவினர் குழுக்களில் பகிர்ந்துவிடாதீர்கள். குழந்தைகளின் ஆபாசப் படங்களைப் பகிர்வது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் முறையிடலாம்.

‘காவல் நிலையம் ஏறினால் குடும்ப மானம் என்னாகும்?’ என்று சிலர் தயங்குவர். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இத்தயக்கத்தை அறிந்தே இயற்றப்பட்டது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் இல்லத்திலோ, அது விரும்பும் இடத்திலோ பெற வேண்டும். வாக்குமூலம் பெறும் அதிகாரி சீருடையில் இருத்தல் ஆகாது. இயன்றவரை பெண் அதிகாரியாக இருத்தல் வேண்டும். குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடலாகாது. இத்தகைய குற்றம் நிகழ்ந்தது தெரிந்தும் மறைப்பதைத்தான் அச்சட்டம் தண்டிக்கிறது.

பெற்றோர்களே! இன்றிரவு உணவு முடிந்தபின் உங்கள் பிள்ளையிடம் ஒன்று சொல்லுங்கள்: ‘செல்பேசியில் என்ன நடந்தாலும் எங்களிடம் சொல். உன்மேல் சினம் கொள்ளமாட்டோம். உன் படிப்பை நிறுத்தமாட்டோம்.’ சொன்னபடி நடந்தும் காட்டுங்கள். ஒருமுறை வாக்குத் தவறினால் மறுமுறை அவர்கள் நம்மிடம் வரமாட்டார்கள்.