திருவல்லிக்கேணி ஸ்டோர் வீட்டுக்காரி



'நகரத்தில் குடியிருக்க ஏற்ற இடம் வசதியான புதுக் குடியிருப்பா, வாடகை கட்டுப்படியாகும் பழைய தெருவா' என்பது தலைப்பு. நான் பழைய தெரு. என்னைப் பார்த்தாலே தெரியும். (சிரிப்பு)

எனக்கு முன்னாடி பேசின தங்கச்சி ரொம்ப அழகா பேசினாங்க. லிஃப்ட் இருக்கு, நீச்சல் குளம் இருக்கு, குழாயைத் திறந்தா தண்ணி வருது, வாசல்ல காவலுக்கு ஆள் இருக்குன்னாங்க. அத்தனையும் உண்மை. நான் எதையும் மறுக்கப் போறதில்லை. 1984-ல் கல்யாணமாகி திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருவல்லிக்கேணிக்கு வந்தவள் நான். ஐஸ் ஹவுஸ் பக்கத்தில் ஒரு சந்து. அதில் ஒரு ஸ்டோர் வீடு. நடுவில் முற்றம், சுற்றி ஏழு குடித்தனம், ஏழு குடித்தனத்துக்கும் சேர்த்து கக்கூஸ் ரெண்டு. காலையில் பக்கெட்டோடு வரிசையில் நிற்கணும். ஆபீஸ் போகிறவர்களுக்கு முதல் உரிமை, பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு அதைவிட முதல் உரிமை. எங்க சந்துல எல்லாப் பிள்ளைகளுக்கும் வருஷம் பூரா பரீட்சைதான்! (சிரிப்பு, கைதட்டல்)

அடி பம்புல தண்ணி விடியக்காலை மூணு மணிக்கு வரும். ஒருத்தர் அடிக்கணும், ஒருத்தர் குடம் பிடிக்கணும். அந்த பம்படியில என் பின்னலைப் பிடிச்சு இழுத்திருக்காங்க. நானும் இழுத்திருக்கேன். கணக்கு சரியாப் போச்சு. அதனால வசதி, சுத்தம், அமைதி, இதிலெல்லாம் எதிரணிக்கே மார்க்கு போட்டுடுங்க நடுவர் அவர்களே. எனக்கு வேண்டாம்.

ஆனா வாடகை 200 ரூபாய். என் வீட்டுக்காரர் அச்சாபீஸில் கம்பாசிட்டர். சம்பளம் 700. அந்த 200 ரூபாய் வாடகைதான் என் கட்சி.

ஏன்னா, அந்த வாடகைக்கு யார் யாரெல்லாம் வந்தாங்க பாருங்க. முதல் போர்ஷன்ல தெலுங்கு பேசுற குடும்பம், அப்பளம் இட்டு வித்தாங்க. அடுத்தது டெய்லர் பாய் வீடு, உருது பேசுறவங்க. மூணாவது ஒரு கோர்ட்டு குமாஸ்தா. நாலாவது பாலக்காட்டு மாமி, பெருமாள் கோயில் மணி கேட்காம காபி குடிக்க மாட்டாங்க. வாசல்ல கூடையை இறக்கி மீன் விக்கிறவங்க நடுக்குப்பத்து ஆயா. மாமி கதவைச் சாத்திக்கிட்டே ஆயாகிட்ட மாசம் ஒரு மணி நேரம் மூட்டு வலிக்கு வைத்தியம் கேட்பாங்க. (சிரிப்பு) தெரு முழுக்க மேன்ஷன். ஒரு ரூமுக்கு மூணு கட்டில், வேலை தேடி வந்த பிள்ளைங்க. அவங்களுக்கு மதியச் சாப்பாடு போட்டுத்தான் நான் என் பையனைப் படிக்க வெச்சேன். பன்னிரண்டு பேர், மாசக் கணக்கு. எல்லாருக்கும் நான் அக்கா.

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். 'எங்க குடியிருப்பிலும் பஞ்சாபி இருக்கார், பெங்காலி இருக்கார், மலையாளி இருக்கார். அது கலப்பு இல்லையா?' என்றார். ஐயா, உங்க குடியிருப்பில் எல்லா மாநிலமும் இருக்கு. ஆனா சம்பளம் ஒண்ணுதானே! (பலத்த கைதட்டல்) என் பையன் நாவலூரில் ஃபிளாட் வாங்கியிருக்கான். நாற்பது நாள் அங்கே இருந்தேன். ஒரு நாள் கறிவேப்பிலை தீர்ந்து போச்சுன்னு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்தப் பொண்ணு கதவுக்குப் பின்னாடியிருந்து, 'நாங்க ஒண்ணும் ஆர்டர் பண்ணலை'ன்னுது. (சிரிப்பு) பாவம், அது கெட்ட பொண்ணு இல்லை. அங்கே கதவைத் தட்டுறவங்க எல்லாம் பார்சல்காரங்கதான். நாற்பத்தி ஒண்ணாம் நாள் நான் திருவல்லிக்கேணிக்கு வந்துட்டேன்.

குறைஞ்ச வாடகைக்காரர்னா சின்ன ஆளுன்னு நினைச்சுடாதீங்க. பாரதியார் தன் கடைசி நாட்களில் குடியிருந்தது எங்க துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில். கணித மேதை ராமானுஜன் 1914-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்னாடி குடியிருந்ததும் திருவல்லிக்கேணிதான். மளிகை விலை கட்டுப்படி ஆகணும்னு ஜனங்க சேர்ந்து 1904-லேயே கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்ச ஊர் இது. டி.யூ.சி.எஸ்.னு சொன்னா உங்க பாட்டிக்குத் தெரியும்.

1795-ல் கட்டின வாலாஜா பெரிய மசூதி எங்க ஊர்ல இருக்கு. அதன் கல்வெட்டில் இருக்கிற பாரசீகப் பாட்டை எழுதினவர் மக்கன் லால்னு ஒரு இந்து. நவாபுகிட்ட வேலை பார்த்தவர். ரம்ஜான் மாசம் சாயங்காலம் அந்த மசூதிக்குப் போய்ப் பாருங்க. நோன்பு திறக்கிறவங்களுக்குப் பரிமாறுறவங்க மயிலாப்பூர் சூஃபிதார் கோயில்காரங்க, சிந்திக்காரங்க. பிரிவினையில வீடு வாசலை விட்டுட்டு வந்த ஜனங்க. முப்பது வருஷத்துக்கு மேலா இது நடக்குது. (கைதட்டல்)

கை தட்டுறீங்க. இதைச் சொன்னா எல்லாரும் கை தட்டுவாங்கன்னு எனக்குத் தெரியும். அதனால இப்போ கை தட்ட முடியாத ஒண்ணைச் சொல்றேன்.

1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்ட பிறகு, ஊரெல்லாம் ஒரு இறுக்கம். மூணு மாசம் கழிச்சு எங்க ஸ்டோர்ல ஒரு போர்ஷன் காலியாச்சு. என் கையால ரெண்டு வருஷம் சாப்பிட்ட மேன்ஷன் தம்பி ஒருத்தர், வாணியம்பாடிக்காரர், தோல் கம்பெனியில வேலை. கல்யாணம் நிச்சயமாகி வீடு தேடிக்கிட்டிருந்தார். நானே, 'இங்கே காலியாகுது, வந்து கேளுங்க தம்பி'ன்னு சொல்லியிருந்தேன். வந்தார். வீட்டுக்கார ஐயா முற்றத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். 'ஏற்கெனவே ஒரு பாய் குடும்பம் இருக்கு. இன்னொண்ணுன்னா... நீங்க சொல்லுங்கம்மா, பக்கத்துப் போர்ஷன் உங்களுதுதான். உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னா கொடுத்துடறேன்' என்றார்.

நான் வாயைத் திறக்கலை, நடுவர் அவர்களே.

வேண்டாம்னு சொல்லலை. சரின்னும் சொல்லலை. அடுப்புல ஏதோ இருக்கிற மாதிரி உள்ளே போயிட்டேன். அடுப்புல ஒண்ணுமே இல்லை. அந்தத் தம்பி 'பரவாயில்லைக்கா'ன்னு சொல்லிட்டுப் போனார். மெஸ் கணக்குல 16 ரூபாய் பாக்கி இருந்தது. மறுநாள் வேற ஒரு பையன்கிட்ட கொடுத்து அனுப்பிட்டார். அப்புறம் சாப்பிட வரலை.

இதை எல்லாம் டெய்லர் பாய் வீட்டம்மா பம்படியில நின்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க. அன்னிக்கு ஒண்ணும் பேசலை. ஃபிளாட்டா இருந்தா அத்தோடு முடிஞ்சிருக்கும். அவங்க கதவு அவங்களுக்கு, என் கதவு எனக்கு. ஆனா மறுநாள் மூணு மணிக்குத் தண்ணி வந்துடுமே! நான் பம்பு அடிக்கணும், அவங்க குடம் பிடிக்கணும். நாலு நாள் பேசாமலே தண்ணி பிடிச்சோம். அஞ்சாம் நாள் இருட்டுல, குடத்தைப் பிடிச்சுக்கிட்டே என் முகத்தைப் பார்க்காம கேட்டாங்க: 'அக்கா, நாங்களும் காலி பண்ணணுமா?'

என் பையனுக்கு அம்மை போட்டப்போ வேப்பிலை பறிச்சுக்கிட்டு வந்து வாசல்ல செருகினவங்க கேட்கிறாங்க. 'ஐயோ, அப்படியெல்லாம் இல்லைம்மா'ன்னேன். அதுக்கு மேல எனக்கு வார்த்தை வரலை. அன்னிக்குக் காலையிலேயே வீட்டுக்கார ஐயாகிட்ட போய், அந்தத் தம்பிக்கே கொடுங்கன்னு சொன்னேன். போர்ஷனுக்கு அட்வான்ஸ் வாங்கியாச்சுன்னுட்டார்.

எதிரணியில் 'பழைய தெரு ஜனங்களுக்கு மனசு பெரிசு'ன்னு பெருந்தன்மையா ஒத்துக்கிட்டாங்க. அந்தப் புகழ்ச்சி எனக்கு வேண்டாம். என் மனசு எவ்வளவு பெரிசுன்னு இப்போ சொல்லிட்டேன். எங்களை ஒண்ணா உட்கார வெச்சது 200 ரூபாய் வாடகை. பேச வெச்சது அந்த ஒத்தை பம்பு. நான் செஞ்ச தப்பை என் முகத்துக்கு நேரே கேட்க ஒரு ஆள் பக்கத்துலயே இருந்தாங்க. நாவலூர்ல அதை யார் என்கிட்ட கேட்பாங்க?

2018-ல் வீட்டுக்கார ஐயாவோட பிள்ளைங்க ஸ்டோரை வித்துட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஏழு வாடகையைச் சேர்த்தாலும் கூரை மாத்த முடியாது. இப்போ அங்கே அஞ்சு மாடி, தண்ணிக்கு மோட்டார், கீழே கார். மாமி மகள்கிட்ட பெங்களூர் போயிட்டாங்க. அப்பளக்காரர் கும்மிடிப்பூண்டிப் பக்கம். நான் ரெண்டு சந்து தள்ளி ஒத்தை ரூம்ல இருக்கேன், வாடகையில பாதி பையன் கொடுக்கிறான். டெய்லர் பாய் குடும்பம் மீஞ்சூர் போச்சு. கஸ்டமர் எல்லாம் இங்கே, மெஷின் அங்கே. துணி மூட்டையைத் தூக்கிக்கிட்டு ரயில்ல வர்றார், இந்த வயசுல.

வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அந்த அம்மா எனக்கு போன் பண்ணுவாங்க. போன மாசம், 'அங்கே ஏதாவது போர்ஷன் காலியிருக்கா அக்கா?'ன்னு கேட்டாங்க. பதினோரு வீடு ஏறி இறங்கினேன். நாலு வீட்டுல முதல் கேள்வியே 'பேர் என்ன?'தான். இந்தத் தடவை நான் உள்ளே போகலை. நின்னு சண்டை போட்டேன். ஏழு வீட்டுல பேர் கேட்கலை, வாடகையைச் சொன்னாங்க. அதை போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. 'சரிக்கா, பார்க்கலாம்'னு வெச்சுட்டாங்க.

மணி அடிச்சுட்டீங்க நடுவர் அவர்களே, ஒரே ஒரு வார்த்தை. டிவி பார்க்கிறவங்க யாருக்காவது ஐஸ் ஹவுஸ், ஜாம் பஜார் பக்கம் ஒரு ரூம், ஒரு சமையலறை, தையல் மெஷின் போட ஜன்னல் ஓரமா கொஞ்சம் இடம் இருந்தா இந்த நிகழ்ச்சிக்காரங்ககிட்ட சொல்லி அனுப்புங்க. பெரியவங்க ரெண்டே பேர். தண்ணி மூணு மணிக்கு வந்தாலும் பரவாயில்லை, எழுந்திருச்சுப் பழக்கம்.

(நீண்ட கைதட்டல்)