அச்சு அசல் நான்தான்!

1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தம் வகுப்பு மாணவர்கள் 39 பேரிடம் ஓர் ஆளுமை வினாத்தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். ஒரு வாரம் கழித்து அவரவர் குணத்தை விவரிக்கும் தாள் கைக்கு வந்தது. பிறர் தம்மை விரும்ப வேண்டும் என்ற ஆசை, தம்மையே குறைசொல்லிக்கொள்ளும் பழக்கம், வெளிவராமல் கிடக்கும் திறமை என்று சில வரிகள். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அத்தனை பேருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள்! வரிகளில் பெரும்பாலானவை கடையில் விற்ற சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. ஆக, 'அச்சு அசல் நான்தான்' என்று நமக்குத் தோன்றுவது, வினாத்தாள் சரியானது என்பதற்குச் சாட்சியாகாது.

அப்படியானால் எது சாட்சி? மறுபடி எழுதினாலும் அதே முடிவு வருகிறதே என்பார்கள். எடை குறைந்த படிக்கல்லும் எப்போது நிறுத்தாலும் ஒரே கணக்கைத்தான் காட்டும். மாறாத விடைக்கு நம்பகத்தன்மை என்றும், அளப்பதாகச் சொன்னதையே அளப்பதற்கு ஏற்புடைமை என்றும் பெயர். மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் பிரபலமான மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனை முதல் படியிலேயே தடுமாறுகிறது. பெரும்பாலோர் நடுவில் நிற்கும் இடத்தில் அது கோடு கிழிக்கிறது. கோட்டருகே நிற்பவருக்கு ஓரிரண்டு விடை மாறினாலே அகமுகி புறமுகியாகிவிடலாம். ஏற்புடைமைக்கு வெளியிலிருந்து சாட்சி வேண்டும். பதற்றத்தை அளக்கத் தெர்மாமீட்டர் கிடையாது. அதனால், ஒரு கருத்தோடு தொடர்புள்ள பல எதிர்பார்ப்புகளையும் சோதிக்க வேண்டும் என்று உளவியலாளர்கள் க்ரோன்பாக், மீல் இருவரும் 1955இல் வாதிட்டார்கள். பதற்றத் தாளில் அதிக மதிப்பெண் வாங்கியவருக்குப் பரீட்சைக்கு முந்தின இரவு தூக்கம் கெடுகிறதா? கூட இருப்பவர்களும் அவரைப் பதற்றக்காரர் என்கிறார்களா? சம்பந்தமில்லாததோடு ஒட்டாமல் இருக்கிறதா என்பதும் முக்கியம். மதிப்பெண் வாசிப்புத் திறனோடு சேர்ந்தே ஏறி இறங்கினால், அந்தத் தாள் அளந்தது வாசிப்பைத்தான்.

ஆள் பொய் எழுதினால் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவாகி 1943இல் வெளிவந்த எம்.எம்.பி.ஐ. வினாத்தாளில் அதற்கென்றே 15 கேள்விகள் உண்டு. யாருக்கும் இருக்கும் சின்னக் குறைகள்கூடத் தனக்கு இல்லை என்று ஒருவர் எழுதிக்கொண்டே போனால், மற்ற விடைகளையும் சந்தேகத்தோடு படிப்பார்கள். என்னைவிட என்னை யாருக்குத் தெரியும் என்பது அடுத்த கேள்வி. வேலைத்திறனைக் கணிப்பதில் நம் சொல்லைவிட நம்மை அறிந்தவர்களின் மதிப்பீடு பெரும்பாலும் மேலானதாக இருந்திருக்கிறது. இது கொஞ்சம் சங்கடமான செய்திதான்.

எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடலாமா என்றால், கூடாது. ஆளுமையை ஐந்து குணங்களாகப் பிரித்து அளக்கும் ஐங்குண அளவீட்டில் பொறுப்புணர்வு என்ற குணம் வேலைத்திறனோடும் ஆயுளோடும் தொடர்புள்ளது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. தொடர்பு பெரிதல்ல, ஆனால் உண்மையானது. ஓர் ஊரில் தேறியது எல்லா ஊரிலும் தேறும் என்றும் சொல்ல முடியாது. பொலிவியாவில் வேட்டையும் விவசாயமுமாக வாழும் சிமானே மக்கள் 632 பேரிடம் சோதித்தபோது அந்த ஐந்து குணங்கள் தனித்தனியாகப் பிரிந்து வரவில்லை. 2013இல் இந்த ஆய்வு வெளியானது.

வேலைக்கோ கல்லூரிக்கோ இப்படி ஒரு தாளை நீட்டினால், இதை யாரிடம், எந்த வெளிச் சாட்சியை வைத்துச் சோதித்தீர்கள் என்று கேளுங்கள்.